காகிதப்பூவா, செம்பருத்தியா? வெயில் விழும் ஒரே மூலையில் எதை வளர்ப்பது?

மாடிமுற்றம்

வணக்கம். எங்கள் மாடியில் காலையிலிருந்து பிற்பகல் வரை நேர்வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு பெரிய தொட்டிகளுக்கு மேல் அங்கே வைக்க முடியாது. இப்போது ஒரு காகிதப்பூவும் ஓர் அடுக்குச் செம்பருத்தியும் அருகருகே நிற்கின்றன. வாங்கி வந்தபோது இரண்டும் பூத்துக் குலுங்கின. இப்போது காகிதப்பூ கொடிகொடியாக நீள்கிறது, இலை அடர்ந்து பச்சைப்பசேல் என்று இருக்கிறது, ஆனால் ஒரு பூ கிடையாது. செம்பருத்தி மொட்டுக்கு மேல் மொட்டு விடுகிறது. விரியும் முன்பே காம்பு மஞ்சளாகி எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன.

ஒன்றை உறவினர் யாருக்காவது கொடுத்துவிட்டு, மற்றொன்றை மட்டும் ஒழுங்காக வளர்க்கலாமா என்று யோசிக்கிறேன். இரண்டில் எது குறைந்த கவனிப்பில் அதிகம் பூக்கும்? வளர்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

வேர்முடிச்சு

எதையும் கொடுத்துவிடாதீர்கள். இலை மட்டும் தழைக்கும் காகிதப்பூவும் மொட்டு உதிர்க்கும் செம்பருத்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே நீர், ஒரே உரம் போகிறது என்று பொருள். கொஞ்சம் விவரம் கொடுங்கள். எப்போது, எவ்வளவு நீர் ஊற்றுகிறீர்கள்? தொட்டி என்ன அளவு? என்ன உரம்? அடியில் தட்டு இருக்கிறதா?

மாடிமுற்றம்

தினமும் காலையில் செடிக்கு ஒரு குவளை நீர். தொட்டிகள் இரண்டும் 12 அங்குலம். தரையில் கறை படியாமல் இருக்க அடியில் தட்டு வைத்திருக்கிறேன். பூக்கும் செடிகளுக்கு என்று விற்கும் தூள் உரம் போடுகிறேன். அதில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம். செம்மண், எரு, தென்னை நார்த்தூள் கலந்த கலவைதான் இரண்டுக்கும்.

வேர்முடிச்சு

எதிர்பார்த்தது போலத்தான் இருக்கிறது. அந்த ஒரு குவளை காகிதப்பூவுக்கு அதிகம், செம்பருத்திக்குக் குறைவு. காகிதப்பூவின் மண் ஒரு நாளும் காய்வதில்லை. தட்டில் தேங்கும் நீர் வேறு அடியிலிருந்து ஈரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. செம்பருத்திக்கோ மேல்மண் நனைந்ததோடு சரி. வெயில் ஏறியதும் அடிவேர்கள் வறண்டுபோகின்றன.

நான் காகிதப்பூ பற்றி மட்டும் எழுதுகிறேன். செம்பருத்தியை நன்கறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

காகிதப்பூவின் இலைக்கக்கத்தை, அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தை, கூர்ந்து பாருங்கள். அங்கே ஒரு முள் இருக்கும். பூங்கொத்து வருவதும் அதே இடத்தில்தான். அந்தக் கக்கத்தில் தோன்றும் சிறு குருத்து சூழ்நிலையைப் பொறுத்து முள்ளாகவும் மாறலாம், பூங்கொத்தாகவும் மாறலாம். நீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்து, வெளிச்சம் குறைந்து, பகல் நீண்டிருந்தால் முள்ளும் நீளமான கொடியும்தான் வரும். நல்ல வெயில், நீண்ட இரவு, சற்றே காய்ந்த மண் என்று அமைந்தால் பூங்கொத்து வரும். உங்கள் செடி இப்போது முதல் வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் தட்டை எடுத்துவிடுங்கள். கறை கவலையாக இருந்தால் இரண்டு செங்கல் மேல் தொட்டியை ஏற்றி வைத்து, தட்டைத் தனியாகக் கீழே வைத்துக்கொள்ளலாம். வடியும் நீர் வேரைத் தொடக் கூடாது, அவ்வளவே. அடுத்து, விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று நீர் வேண்டாம். காய்ந்திருந்து, இளந்தளிர் இலேசாகத் தலைசாய்க்கத் தொடங்கினால், அடித்துளை வழியே நீர் வெளியேறும்வரை நிறைவாக ஊற்றுங்கள். பிறகு மறுபடியும் காயும்வரை காத்திருங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் பழக்கம் இந்தச் செடிக்கு ஒத்துவராது.

பூங்கொத்தின் சிறு முனைகள் வண்ணம் காட்டத் தொடங்கியதும் இப்படி மண்ணைக் காயவிடுவதை நிறுத்திவிடுங்கள். இதைப் பலர் சொல்வதில்லை. பூத்திருக்கும்போது வாடவிட்டால் வண்ணச் செதில்கள் கொத்தாக உதிர்ந்துவிடும். அந்த நாட்களில் சீராக நீர் கொடுங்கள்.

தொட்டி 12 அங்குலம் போதும். வேர் தொட்டியை நிறைத்துக்கொண்டு நிற்கும் செடி நன்றாகப் பூக்கும். பெரிய தொட்டிக்கு மாற்றினால் முதலில் வேரை நிரப்பப் போகும், பிறகு இலை, பூ கடைசியில்தான்.

செம்பூக்காரி

செம்பருத்தி என் பொறுப்பு!

மாடிமுற்றம் அவர்களே, உங்கள் செடி மொட்டு விடுகிறது என்பதே நல்ல செய்தி. மொட்டு விடும் அளவுக்கு வெயிலும் வலிமையும் இருக்கின்றன, மொட்டைத் தாங்கிக் கொண்டுபோக மட்டும் முடியவில்லை. முதல் காரணம் வேர்முடிச்சு சொன்ன நீர்தான். செம்பருத்தியின் அகன்ற இலைகள் வெயிலில் நிறைய நீரை ஆவியாக வெளியேற்றுகின்றன. தொட்டி வறண்டால் செடி இலையைக் காப்பாற்றிக்கொண்டு மொட்டைக் கைவிட்டுவிடும். ஒருமுறை நன்றாக வாடி எழுந்த செடியில் அடுத்த சில நாட்களுக்கு மொட்டுகள் விழுந்துகொண்டே இருப்பதைப் பார்க்கலாம். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகவும் கூடாது. கடும் வெயில் நாட்களில் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்று ஊற்றவேண்டி வரலாம். 12 அங்குலத் தொட்டி அடுக்குச் செம்பருத்திக்குச் சிறியது. 16 அங்குலத்துக்கு மாற்றுங்கள். மண்ணின் அளவு கூடினாலே ஈரம் நெடுநேரம் நிற்கும். மேலே காய்ந்த சருகு அல்லது தென்னை நார் மூடாக்கு போடுங்கள்.

இரண்டாவது, அந்தத் தூள் உரம். செம்பருத்திக்கு மணிச்சத்து மிகக் குறைவாகவே போதும். அதிகமாகப் போட்டால் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், இரும்புச்சத்தை வேர் எடுப்பதற்கும் தடையாக நிற்கும். நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளிறிய இளம் இலைகள் தெரிந்தால் அதன் அறிகுறி என்று கொள்ளலாம். செம்பருத்தி கேட்பது சாம்பல் சத்து (பொட்டாசியம்). செம்பருத்தி வளர்ப்பையே முழுநேர ஈடுபாடாகக் கொண்டவர்கள் 17-5-24 போன்ற விகிதத்தைத் தேடிப் போடுவது இதனால்தான்: தழை நடுத்தரம், மணி மிகக் குறைவு, சாம்பல் அதிகம். அந்த விகிதம் கிடைக்காவிட்டால் மட்கிய எருவும், மாதம் இருமுறை நீர்த்த சாம்பல் சத்துக் கரைசலும் போதும். கொஞ்சமாக, அடிக்கடி. ஈரமில்லாத மண்ணில் ஒருபோதும் உரம் போடாதீர்கள்.

மூன்றாவது காரணம் ஒரு பூச்சி. உதிர்ந்த மொட்டு ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிர்நிறத்தில் மிகச்சிறிய புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. அந்த ஈ கண்ணுக்கு எளிதில் தெரியாது. மொட்டு பிஞ்சாக இருக்கும்போதே உள்ளே முட்டை வைத்துவிடும். புழு வளர்ந்ததும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, மறுபடியும் ஈயாக வரும். எனவே உதிர்ந்த மொட்டுகளைத் தொட்டியிலேயே மட்கட்டும் என்று விடக் கூடாது. தினமும் பொறுக்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடியில் மஞ்சளாகத் தொடங்கியவற்றையும் பறித்துவிடுங்கள். அடுக்குப் பூ வகைகளில் இந்தத் தொல்லை அதிகம். மொட்டுக்குள் புழு இல்லையென்றால் மனம் நிம்மதி அடையலாம், நீரைச் சரிசெய்தால் போதும்.

மாடிமுற்றம்

நன்றி. நான்கு மொட்டுகளைப் பிளந்து பார்த்தேன், புழு எதுவும் இல்லை. அப்படியென்றால் நீரும் உரமும்தான். தட்டுகளை இப்போதே எடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். செம்பருத்தி ஒரு நாள்தான் மலர்ந்திருக்கிறது, காகிதப்பூ வாரக்கணக்கில் நிற்கிறது. பூ நீண்டு நிற்பதுதான் அளவுகோல் என்றால் காகிதப்பூதானே மேல்?

இலைமறைகாய்

அப்படி ஒப்பிடுவது சரியாக வராது. நீங்கள் ஒப்பிடுவது ஒரு பூவையும் இலை போன்ற ஓர் உறுப்பையும். காகிதப்பூவில் வண்ணமாகத் தெரிவது பூவிதழ் கிடையாது. அது பூவடிச் செதில், அதாவது உருமாறிய இலை. மூன்று செதில்கள் சேர்ந்து ஒரு கூடு அமைக்கின்றன. ஒவ்வொரு செதிலின் நடுநரம்பிலும் ஒட்டிக்கொண்டு சிறிய குழல் வடிவப் பூ ஒன்று நிற்கும். பெரும்பாலும் வெண்மை அல்லது இளமஞ்சளாக இருக்கும் அதுதான் உண்மையான பூ. அது வாடிய பின்னும் செதில் நிறத்தோடு நிற்பதால்தான் வாரக்கணக்கில் பூத்திருப்பதாகத் தோன்றுகிறது. செம்பருத்தியிலோ ஐந்து பெரிய இதழ்கள், நடுவே நீண்ட மகரந்தத் தண்டு, அதன் நுனியில் ஐந்தாகப் பிரிந்த சூல்முடி. முழுப் பூவும் ஒரு நாளுக்காகத் திறந்து மூடிக்கொள்கிறது. சில பெரிய கலப்பின வகைகளில் இரண்டு மூன்று நாள் நிற்கும்.

நிறத்தின் வேதியியலும் வேறு வேறு. செம்பருத்தியின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியிலிருந்து வருகிறது. காகிதப்பூவின் ஊதாவும் இளஞ்சிவப்பும் பீட்டாலைன் வகை நிறமிகள். ஒரு செடியில் இந்த இரண்டு நிறமிக் குடும்பங்களும் சேர்ந்து இருப்பதில்லை; பீட்டாலைன் உள்ள செடியில் ஆந்தோசயனின் இராது. உங்கள் மூலையில் நிற்கும் இரண்டு தொட்டிகளும் சிவப்பை இரண்டு தனித்தனி வழிகளில் உண்டாக்குகின்றன. எனக்கு இது எப்போது நினைத்தாலும் வியப்பாகவே இருக்கிறது.

பிறப்பிடமும் பராமரிப்போடு தொடர்புடையதுதான். காகிதப்பூ தென் அமெரிக்காவுக்கு உரியது. 1760-களில் உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கடற்பயணத்தில் இருந்த தாவரவியலாளர் பிலிபெர் கொம்மெர்சோன், ரியோ டி ஜெனிரோவில் இதைச் சேகரித்தார். பயணத் தலைவர் புகன்வில்லின் பெயரால் செடிக்குப் போகன்வில்லியா என்ற பெயர் வந்தது. கொம்மெர்சோனுக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே, உலகைச் சுற்றிவந்ததாக அறியப்படும் முதல் பெண். இந்தச் செடி மற்ற மரங்களின் மேல் முள்ளால் பற்றி ஏறும் கொடி. வறண்ட பருவத்தைத் தாங்கப் பழகியது. செம்பருத்திக்கு 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ஹைபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ் என்று அறிவியல் பெயர் சூட்டினார். அப்பெயரின் பின்பகுதிக்குச் சீன ரோஜா என்று பொருள் என்றாலும், இது காட்டில் தானாக வளரும் இடம் என்று எதுவும் அறியப்படவில்லை. நீண்ட காலமாக மனிதர் கையிலேயே வளர்ந்து, கலந்து, பெருகிய செடி. கவனிப்பை எதிர்பார்த்து நிற்பதில் வியப்பில்லை.

செம்பூக்காரி

ஒரு நாள் பூ என்பதைக் குறையாகச் சொல்லாதீர்கள். நலமாக இருக்கும் செம்பருத்தியில் ஒவ்வொரு கிளை நுனியிலும் அடுத்தடுத்த கணுவில் மொட்டுகள் வரிசையாகக் காத்திருக்கும். இன்று ஒன்று, நாளை அடுத்தது. மிதமான வெப்பம் இருக்கும் இடங்களில் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் வரும். காகிதப்பூ ஒரு சுற்றுப் பூத்து முடித்து, ஓய்ந்து, பிறகுதான் அடுத்த சுற்றுக்கு வரும்.

கவாத்துக்கத்தி

காகிதப்பூவை வாடவிடுவது பற்றி மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. இந்த அறிவுரை எல்லா இடத்திலும் மிகையாகப் பரவிவிட்டது. இலை முழுவதும் தொங்கும்வரை, சில நேரம் இலை உதிரும்வரை காயவிடுகிறார்கள். செடியின் சேமிப்பு அதனால் கரைகிறது. அடுத்து வரும் பூங்கொத்து நலிவாகவே இருக்கும். என் அனுபவத்தில் காகிதப்பூவைப் பூக்க வைப்பவை வெயிலும் கவாத்தும்தான். நீரைக் குறைப்பது மூன்றாம் இடம்.

நாளுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேர்வெயில் படாத செடியை எவ்வளவு வாட்டினாலும் பூக்காது. வெயில் நன்றாகப் படும் செடியில், பூத்து முடிந்த கொடிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால், புதுத்தளிர் வந்து அதன் நுனிகளில் பூ வரும். பூ புதுத்தண்டில் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். மாடிமுற்றத்தின் செடி நீளக் கொடிகளாகப் போயிருக்கிறது என்றால் அதற்கு முதலில் கத்தி வேண்டும்.

வேர்முடிச்சு

கவாத்துக்கத்தி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். இலை உதிரும்வரை வாட்டச் சொன்னதில்லை. தளிர் தலைசாய்ப்பதுதான் எல்லை. அதைத் தாண்டக் கூடாது. ஆனால் நீர் மூன்றாம் இடம் என்பதை ஏற்க மாட்டேன். நாள் முழுவதும் வெயில் விழும் இடத்தில், நீர் தேங்கும் தட்டின் மேல் வைத்த செடி பூக்காமல் இலையாகவே நிற்பதை இதோ இந்தக் கேள்வியிலேயே பார்க்கிறோம். வெயில் அங்கே குறையவில்லையே.

கவாத்துக்கத்தி

வெயில் குறையவில்லை. கொடி வெட்டப்படவும் இல்லை. இரண்டில் எது காரணம் என்று இந்த ஒரு செடியை வைத்து நாம் முடிவு செய்ய முடியாது. மாடிமுற்றம் தட்டை எடுத்துவிட்டார், கொடியையும் வெட்டட்டும். இரண்டையும் செய்வதில் செடிக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

வெட்டும் முறையைச் சொல்கிறேன். கையுறை கட்டாயம்; முள் குத்தினால் சிலருக்குத் தோல் தடித்துப் பல நாள் எரியும். வேரிலிருந்து செங்குத்தாகச் சாட்டைபோல எழும் தடித்த தண்டுகளை அடியோடு எடுத்துவிடுங்கள். அவை சத்தை உறிஞ்சிக்கொள்ளும், பூ தருவது அரிது. மற்றவற்றை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேல் சாய்வாக வெட்டுங்கள். புதுத்தளிர் நான்கைந்து இலை வந்ததும் நுனியை ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக்கிளை பிரியும், பூங்கொத்தும் அத்தனை கூடும். அதன்பின் கிள்ளாதீர்கள். தொடர்ந்து கிள்ளிக்கொண்டே இருந்தால் பூ வரவேண்டிய நுனியையும் சேர்த்தே எடுத்துவிடுவோம்.

செம்பருத்தியை இப்படி ஒரே நேரத்தில் வெட்ட வேண்டாம். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை முதலில் வெட்டி, அது தளிர்த்தபின் அடுத்த பங்கு என்று போனால் பூ முற்றிலும் நிற்காமல் தொடரும்.

புதுத்துளிர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் செம்பருத்தியின் நுனித்தளிர்கள் சுருண்டு முடிச்சாகிவிட்டன, வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஏறுகிறது. பக்கத்தில் உள்ள காகிதப்பூவில் ஒன்றும் இல்லை. செம்பருத்திக்கு மட்டும் ஏன் இப்படி?

செம்பூக்காரி

மாவுப்பூச்சி. செம்பருத்திக்கு இது தீராத பகை. செம்பருத்தியின் பெயரையே தாங்கிய இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி என்ற இனமே இருக்கிறது. சாறு உறிஞ்சும்போது அது செலுத்தும் நச்சினால்தான் தளிர் சுருண்டு குறுகுகிறது. சுருண்ட தளிர் மறுபடி விரியாது. எனவே இரக்கப்படாமல் அந்த நுனிகளை வெட்டி, மூடிய பையில் போட்டு அகற்றுங்கள். குப்பைக்குழியில் போட வேண்டாம், அங்கிருந்தும் பரவும்.

பிறகு நீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தையும் கணுக்களையும் கழுவுங்கள். எஞ்சியவற்றுக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கரைவதற்குச் சில துளி திரவ சோப்பும் சேர்த்து, வெயில் இறங்கிய பின் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஒரு கிளையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். வாரம் ஒருமுறை என்று சில வாரம் விடாமல் செய்ய வேண்டும். முட்டைப்பைக்குள் இருப்பவை ஒரே தெளிப்பில் போகாது.

எறும்பை விட்டுவிடாதீர்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, இரைவிழுங்கிப் பூச்சிகளை நெருங்கவிடாமல் விரட்டுகிறது. எறும்பு ஏறுவதைத் தடுத்தால் பொறிவண்டுகள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

வேர்முடிச்சு

காகிதப்பூவிலும் மாவுப்பூச்சி வரும், செம்பருத்தி அளவுக்கு வராது. அதற்கு வேறு தொல்லை. இலை ஓரம் அரைவட்டமாகக் கடிபட்டிருக்கும், பகலில் பூச்சி கண்ணில் படாது. இரவில் மேயும் பச்சைப் புழு அது. இருட்டியபின் விளக்கோடு போய்க் கையால் எடுத்துவிடலாம். செடி பெரியதென்றால் சில இலை போவதைப் பொருட்படுத்த வேண்டியதே இல்லை.

நோய், பூச்சி என்ற கணக்கில் மட்டும் பார்த்தால் காகிதப்பூ வெகு எளிது. வாரம் ஒருமுறைகூடச் செடியைப் பார்க்க நேரமில்லாதவர் செம்பருத்தி வைத்தால் மாவுப்பூச்சி முந்திக்கொள்ளும்.

நீர்த்துளி

மாடிமுற்றம் கேட்டது இரண்டில் எது என்று. என் பதில் இரண்டும் என்பதுதான், ஆனால் மண்ணைப் பிரித்துவிடுங்கள். இதை யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை.

தென்னை நார்த்தூள் ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். செம்பருத்திக்கு அது வரம். காகிதப்பூவின் கலவையில் அதைக் கிட்டத்தட்ட முழுவதும் தவிர்த்துவிடலாம். செம்மண்ணோடு பருமணலும் சிறு செங்கல் துண்டுகளும் கலந்து, எருவைக் குறைத்துப் போடுங்கள். ஊற்றிய நீர் மேலே நிற்காமல் கண் முன்னே இறங்க வேண்டும். இரண்டு செடிக்குமே சற்றுப் புளிப்பான மண் பிடிக்கும், காகிதப்பூவுக்கு பி.எச். (புளிப்பு-கார அளவு) 5.5 முதல் 6.5, செம்பருத்திக்கு 6 முதல் 6.8 வரை. உப்பு மிகுந்த கடின நீரையே தொடர்ந்து ஊற்றினால் மண் காரமாகி, இரண்டிலும் இளம் இலை வெளிறும். மழைநீர் கிடைக்கும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள், தொட்டி மண்ணில் படிந்த உப்பும் கழுவிப்போகும். வெளிறல் நீடித்தால் கீலேட் இரும்புக் கரைசல் (வேர் எளிதில் எடுக்கும் வடிவில் உள்ள இரும்புச்சத்து) கைகொடுக்கும்.

தொட்டிப் பொருளும் கணக்கில் வரும். சுட்ட மண்தொட்டி சுவர் வழியே காயும். காகிதப்பூவை அதில் வையுங்கள். செம்பருத்தியை பிளாஸ்டிக் தொட்டியிலோ உட்புறம் பூச்சுள்ள தொட்டியிலோ வைத்தால் நீர் மிச்சம். இப்படிச் செய்தால் ஒரே மூலையில் நின்றாலும் செடிக்குச் செடி நீர் ஊற்றும் வேறுபாடு பாதியாகக் குறைந்துவிடும்.

வடகாற்று

பனி விழும் குளிர்ப் பகுதியில் இருப்பவர்களுக்கு எது தாங்கும்?

இலைமறைகாய்

இரண்டும் உறைபனியைத் தாங்காது. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதும் செம்பருத்தியை உள்ளே, வெளிச்சமான சன்னல் பக்கம் கொண்டுபோங்கள். காகிதப்பூ இன்னும் சற்றுக் கூடுதலான குளிரையும் பொறுத்துக்கொள்ளும். இலை உதிர்த்து உறங்கும். அப்போது நீரை மிகக் குறைத்துவிட வேண்டும். தரையிலேயே நட்டுப் பனியில் விட வேண்டும் என்றால், செம்பருத்தியின் உறவான சிரியாக்கஸ் வகையைத் தேடுங்கள். அது குளிர்காலத்தில் இலையுதிர்த்து நின்று, பருவம் திரும்பியதும் தளிர்க்கும் புதர். பூவும் செம்பருத்தியை ஒத்தே இருக்கும்.

வேர்முடிச்சு

இதோடு இன்னொன்று: காகிதப்பூவுக்கு நீண்ட இரவு தேவை என்று முன்பு சொன்னேன். இரவு முழுவதும் எரியும் பிரகாசமான விளக்கின் அடியில் தொட்டி இருந்தால் சில வகைகளில் பூப்பது தள்ளிப்போகும். மாடி விளக்கைக் கவனியுங்கள்.

மாடிமுற்றம்

விளக்கு தள்ளித்தான் இருக்கிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டையும் வைத்துக்கொள்ளப் போகிறேன். இன்று மாலை காகிதப்பூவை வெட்டிவிட்டு, இரண்டையும் புதுக் கலவைக்கு மாற்றிவிடலாமா?

வேர்முடிச்சு

செம்பருத்தியை மாற்றுங்கள். காகிதப்பூவை இப்போது மாற்ற வேண்டாம்!

காகிதப்பூவின் வேர்கள் மெல்லியவை, எளிதில் அறுந்துவிடுபவை. மண்ணை உதறி, வேரைப் பிரித்து நடும் வழக்கம் இதற்கு ஆகாது. கவாத்தையும் வேர் மாற்றத்தையும் ஒரே நாளில் செய்தால் செடி இரண்டு அடியையும் சேர்த்து வாங்கும். இப்போதைக்குத் தட்டு போய்விட்டது, கொடி வெட்டப்படுகிறது, அது போதும். இப்போதுள்ள கலவையிலேயே நீரை அளந்து ஊற்றினால் பூ வரும். அந்தச் சுற்றுப் பூத்து முடிந்தபின், மண்ணுருண்டை சிதையாமல் அப்படியே தூக்கி, மண்தொட்டியில் வைத்துச் சுற்றிலும் புதுக் கலவையை நிரப்புங்கள். தொட்டியிலிருந்து வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் பக்கவாட்டில் அறுத்து எடுங்கள். நட்டபின் ஒரு வாரம் அரைநிழல்.

அந்த மணிச்சத்துத் தூளைக் காகிதப்பூவுக்கும் நிறுத்திவிடலாம். தளிர் வந்ததும் சமச்சீரான உரம் மெல்லியதாக ஒருமுறை கொடுத்தால் போதும்.

செம்பூக்காரி

செம்பருத்தியை மாலையில் மாற்றுங்கள். வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் மெதுவாகத் தளர்த்திவிடலாம், இது தாங்கிக்கொள்ளும். நட்டு, நிறைவாக நீர் ஊற்றி, சில நாள் நடுப்பகல் வெயில் படாமல் வைத்து, பிறகு மூலைக்குத் திருப்புங்கள். இப்போது செடியில் இருக்கும் மொட்டுகள் விழலாம், கலங்க வேண்டாம். புதுத்தளிரில் வரும் மொட்டைப் பாருங்கள். உரம் சில வாரம் கழித்துத்தான்.

ஒட்டுச்செடியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்தண்டில் முடிச்சு போன்ற ஒட்டு தெரிந்தால், அதற்குக் கீழிருந்து கிளம்பும் தளிர்களைக் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அடிச்செடி மேலோங்கி, நீங்கள் வாங்கிய பூ மறைந்து வேறு பூ வரும்.

புதுத்துளிர்

வெட்டிய கொடிகளை வீசாமல் பதியன் போடலாமா? எனக்கு இரண்டும் வேண்டும்.

கவாத்துக்கத்தி

போடலாம். செம்பருத்தியில் பென்சில் தடிமனுக்குச் சற்றுக் குறைந்த, முற்றியும் முற்றாததுமான தண்டை ஆறு அங்குலம் வெட்டி, அடி இலைகளை எடுத்து, மணலும் நார்த்தூளும் கலந்த ஈரக் கலவையில் நடுங்கள். நிழலில் ஈரம் காத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். காகிதப்பூ இன்னும் மெதுவாகவே வேர்விடும், பல குச்சிகள் அழுகியும் போகும். அதனால் குச்சிகளை அதிகமாக நடுங்கள், வேர் ஊக்கித் தூளில் தொட்டு வையுங்கள், மணலைக் கூட்டிக்கொள்ளுங்கள். தளிர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். குச்சியில் இருக்கும் சேமிப்பிலேயே இலை வரும், வேர் அதற்குப் பின்னும் தாமதமாகலாம். வடிதுளையில் வேர் எட்டிப்பார்க்கும்வரை அந்தச் சிறு தொட்டியிலேயே இருக்கட்டும்.

ஒரே செடியில் வெள்ளையும் ஊதாச்சிவப்பும் கலந்து பூக்கும் மேரி பாமர் என்ற காகிதப்பூ வகையில் குச்சி எடுப்பதானால், இரண்டு நிறமும் பூத்த கிளையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நிறம் மட்டும் பூத்த கிளையிலிருந்து எடுத்தால் புதுச்செடியும் பெரும்பாலும் அந்த ஒரே நிறத்தில்தான் நிற்கும்.